முயலுக்குப் பழம்: எவ்வளவு, எப்போது, எதற்குப் பிறகு

முயல் வளர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: எந்தெந்தப் பழங்களைக் கொடுக்கலாம்? திண்டுக்கல்லில் குடியிருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆயக்குடிக் கொய்யா, சிறுமலை வாழை, நத்தம் மாம்பழம், நிலக்கோட்டைத் திராட்சை, பழனிக் கீழ்மலையிலிருந்து இறங்கும் பட்டர் ஃப்ரூட் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பழம் வீட்டில் இருந்துகொண்டே இருக்கும். பழத்தை நறுக்கும் மணம் பட்டதும் கூண்டுக் கம்பியில் முன்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும் முயலைப் பார்த்தால் யாருக்கும் ஒரு துண்டை நீட்டத்தான் தோன்றும். நானும் கொடுக்கிறேன். ஆனால் எந்தப் பழம் என்று கேட்பவர்களுக்கு, எவ்வளவு, எப்போது, எதைத் தின்ற பிறகு என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள் என்றே பதில் சொல்கிறேன். நல்ல பழம் என்று எல்லோரும் சொல்லும் ஆப்பிளைக்கூட முயலின் உயிருக்கு ஆபத்தான அளவில் கொடுத்துவிட முடியும். சர்க்கரை மிகுந்தது என்று நான் எச்சரிக்கும் வாழைப்பழத்தையும் தீங்கில்லாத அளவில் கொடுக்க முடியும்.

இதைப் புரிந்துகொள்ள முயலின் வயிற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாயோ பூனையோ ஒவ்வாத ஒன்றைத் தின்றுவிட்டால் வாந்தி எடுத்து வெளியேற்றிவிடும். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. இரைப்பையின் மேல்வாயிலில் உள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது என்பதால், உள்ளே போனது எதுவானாலும் முழுக் குடலையும் கடந்துதான் வெளியே வரவேண்டும். அந்தப் பயணத்தின் நடுவே, பெருங்குடல் தொடங்கும் இடத்தில், குருட்டுக்குடல் என்னும் பெரிய பை இருக்கிறது. மனிதர்களிடம் அது மிகச் சிறிய பகுதி. முயலிடமோ செரிமானப் பாதையில் உள்ள மொத்தப் பொருளில் ஏறத்தாழ 40 சதவீதம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் நாரை நொதிக்கச் செய்து, முயலுக்குத் தேவையான சத்துகளாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

முயலின் பெருங்குடல் உணவைத் தரம்பிரிக்கும் விதம் எனக்கு இன்றுவரை வியப்பளிப்பது. பெரிய நார்த் துணுக்குகள் குடலை அசைத்தபடி முன்னோக்கி நகர்ந்து, நாம் கூண்டில் காணும் உருண்டையான, உலர்ந்த புழுக்கைகளாக வெளியேறுகின்றன. நுண்ணிய துகள்களும் நீர்மமும் எதிர்த்திசையில் தள்ளப்பட்டுக் குருட்டுக்குடலுக்குத் திரும்புகின்றன. அங்கே நொதித்து முடிந்தவை, திராட்சைக் கொத்தைப் போல ஒட்டிக்கொண்ட, பளபளப்பான, மென்மையான புழுக்கைகளாக வருகின்றன. முயல் அவற்றைத் தரையில் விழவிடாமல் நேராக வாயால் எடுத்து விழுங்கிவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்து அருவருப்பு அடைவதுண்டு, தடுக்கக்கூட முயல்வார்கள். தயவுசெய்து தடுக்க வேண்டாம். நுண்ணுயிரிகள் உருவாக்கிய புரதமும் பி வகை வைட்டமின்களும் அந்த மென்புழுக்கைகளின் வழியாகவே அதன் உடலில் சேருகின்றன.

இந்த ஏற்பாடு முழுவதும் நாரைச் சுற்றி அமைந்தது. பழத்தில் இருப்பதோ பெரும்பாலும் நீரும் சர்க்கரையும். சிறிதளவு சர்க்கரையைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். அளவு மிகும்போது எஞ்சியது குருட்டுக்குடல் வரை போய்ச் சேரும். அங்கே நாரைத் தின்று வாழும் நல்ல நுண்ணுயிரிகளை ஓரங்கட்டி, சர்க்கரையை விரும்பும் வேறு நுண்ணுயிரிகள் பெருகும், வாயு உண்டாகும், பையின் அமிலத்தன்மை மாறும். குளோஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மே என்னும் பாக்டீரியா இப்படிப்பட்ட சூழலில் பெருகி நச்சைச் சுரக்கக்கூடியது. அந்த நச்சு உருவாவதற்குக் குளுக்கோஸ் துணைபோகிறது. குறிப்பாகப் பால் மறக்கும் வயதிலுள்ள குட்டிகளை அது மிக விரைவில் கொன்றுவிடும்.

அவ்வளவு கடுமையாக இல்லாமல், மெல்ல வரும் கேடும் உண்டு. பழத்தின் இனிப்புக்குப் பழகிய முயல் புல்லை ஒதுக்கத் தொடங்கும். புல் குறைந்தால் குடலை அசைக்கும் நீண்ட நார் குறைகிறது, அசைவு மந்தமாகிறது, மென்புழுக்கை குழைந்துபோய் வால் அடியில் அப்பிக்கொள்கிறது. நம் ஊர் வெப்பத்தில் அந்த ஈரமான அழுக்கில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில்கூடப் புழு வைத்துவிடும். புழு வைத்த முயலைக் காப்பாற்றுவது எளிதன்று. பற்களும் பாதிக்கப்படும். முயலின் முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் என்ற அளவில் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடைவாய்ப் பற்களும் அப்படித்தான். நாள் முழுவதும் புல்லை அரைத்தால்தான் அவை தேய்ந்து சரியான நீளத்தில் நிற்கும். மென்மையான பழத்துக்கு அந்த வேலையைச் செய்யும் திறன் இல்லை.

ஆகவே பழத்தைப் பற்றிப் பேசுமுன் புல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் திமோத்தி புல் இங்கே பொட்டலமாக, நல்ல விலைக்குக் கிடைக்கிறது; வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அருகம்புல், மாட்டுக்காக வளர்க்கும் கோ 4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், மருந்து தெளிக்காத வரப்புப் புல் ஆகியவற்றை நிழலில் உலர்த்தியும் வாடவைத்தும் கொடுக்கலாம். குதிரைமசால் வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நல்லது. வளர்ந்த முயலுக்கு அதுவே அன்றாட உணவானால் கால்சியம் மிகுந்து சிறுநீர் சுண்ணாம்புக் கரைசல் போலத் தடித்துவிடும். உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாக இருக்கும் முயலுக்கு மட்டுமே பழம் என்ற பேச்சு பொருந்தும். புல்லைச் சரியாகத் தின்னாத முயலுக்கு, அதன் பழக்கம் திருந்தும் வரை, எந்தப் பழமும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி அளவு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி என்பதை ஒரு நாளின் மேல்வரம்பாகக் கொள்ளலாம். எங்கள் வீட்டு முயல்கள் இரண்டும் ஏறத்தாழ 2 கிலோ எடை கொண்டவை. அவற்றுக்கு ஆளுக்கு ஒன்றரைத் தேக்கரண்டிக்கு மேல் நான் கொடுப்பதில்லை, அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கப்படும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற பெரிய இனங்கள் 4 கிலோ அளவுக்கு வளரக்கூடியவை. அவற்றை வைத்திருப்பவர்கள் எடைக்கு ஏற்பச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். தேக்கரண்டிக் கணக்கு மிகவும் கஞ்சத்தனமாகத் தோன்றலாம். 2 கிலோ முயல் 100 கிராம் வாழைப்பழத்தைத் தின்பது, 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே மூச்சில் 3 கிலோ வாழைப்பழத்தைத் தின்பதற்குச் சமம் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

எங்கள் வீட்டுக்கு வரும் அத்தைக்கு இந்தக் கணக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை. "பச்சப் புள்ள மாதிரி பாத்துக்கிட்டு நிக்குது, ஒரு பழத்த முழுசாத்தான் குடுத்துடேன்மா" என்பார். "இல்ல அத்தை, அது வயித்துக்குத் தாங்காது, நீங்களே உங்க கையால இந்தத் துண்டைக் குடுங்க" என்று நறுக்கி வைத்ததை அவரிடம் கொடுத்துவிடுவேன். விருந்தினர்களையும் குழந்தைகளையும் தடுப்பதைவிட, அன்றைய அளவைச் சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்து, அது தீரும் வரை யார் வேண்டுமானாலும் ஊட்டலாம் என்று சொல்லிவிடுவதே நடைமுறையில் பயன் தருகிறது. அவர்களுக்கும் ஊட்டிய நிறைவு கிடைக்கிறது, கணக்கும் தவறுவதில்லை. பூசைக்கு வைத்த வாழைப்பழம், பண்டிகை நாளின் பொங்கல், பிஸ்கட், முறுக்கு எல்லாம் அன்போடுதான் நீட்டப்படுகின்றன. மாவுப் பொருள் எதுவும் முயலுக்கு ஆகாது என்பதை மட்டும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, நான் மாலையில் கொடுக்கிறேன். முயல்கள் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் சுறுசுறுப்பாக இருப்பவை. புல் தின்று, கொஞ்சம் ஓடியாடிய பிறகு, வயிற்றில் நார் இருக்கும்போது சிறு துண்டுப் பழம் போவது நல்லது. காலையில் வெறும் வயிற்றில் முதலில் பழத்தை நீட்டினால், அதன் பிறகு புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த துண்டுக்காகக் காத்திருக்கும் முயல்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பழங்களுக்கு வருகிறேன். ஆப்பிளை விதையும் நடுத்தண்டும் நீக்கி, தோலுடன் கொடுக்கலாம். தோலில்தான் நார் அதிகம். விதைகளில் அமிக்டலின் என்னும் பொருள் இருக்கிறது. மென்று அரைக்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படும். ஓரிரு விதைகளால் முயல் இறந்துவிடாது என்றாலும், நீக்குவதற்கு அரை நிமிடம்கூட ஆகாத ஒன்றை விட்டுவைக்கக் காரணமில்லை. பேரிக்காய், பிளம்ஸ், பீச் ஆகியவற்றின் விதைக்கும் கொட்டைக்கும் இதே விதி. கடையில் மெழுகு பூசிப் பளபளக்கும் ஆப்பிளானால் வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மனம் ஒப்பாவிட்டால் தோலைச் சீவிவிடுங்கள்.

கொய்யா, நம் பகுதிப் பழங்களில் முயலுக்கு நான் முதலிடம் கொடுப்பது. 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் நார் இருக்கிறது. சர்க்கரை ஏறத்தாழ 9 கிராம். முழுதாகப் பழுத்துக் குழைந்ததைவிட, செங்காயாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும் பதத்தில் உள்ளது ஏற்றது. விதைகள் கல் போன்றவை என்பதால் நடுச் சதையை நீக்கிவிட்டு, வெளிச் சதையை மட்டும் தோலோடு சிறு துண்டுகளாக நறுக்குகிறேன். கொய்யா மரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: மருந்து தெளிக்காத மரமானால் அதன் இளம் இலையையும் கொடுக்கலாம். எங்கள் முயல்கள் பழத்துக்குக் காட்டும் ஆர்வத்தை அந்த இலைக்கும் காட்டுகின்றன.

பப்பாளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முயல் தன் உரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யும்போது முடி வயிற்றுக்குள் போகிறது. பப்பாளியில் உள்ள பப்பெயின் நொதி அந்த முடியைக் கரைத்துவிடும். ஆகவே தினமும் பப்பாளி கொடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை முயல் வளர்ப்பவர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அன்னாசிச் சாற்றில் உள்ள புரோமெலைன் நொதிக்கும் இதே பெருமை சூட்டப்படுகிறது. இந்த நொதிகள் இறைச்சி போன்றவற்றிலுள்ள புரதத்தைச் சிதைக்கக்கூடியவைதாம். ஆனால் முடி கெரட்டின் என்னும் உறுதியான புரதத்தால் ஆனது; அதை இவை கரைப்பதில்லை. ஆரோக்கியமான முயலின் வயிற்றில் எப்போதுமே கொஞ்சம் முடி இருக்கும். குடல் நன்றாக அசைந்தால் அது புழுக்கையோடு போய்விடும். குடல் மந்தமாகி நீர் வற்றும்போதுதான் முடியும் உணவும் சேர்ந்து உருண்டையாகத் திரள்கின்றன. அதாவது முடி உருண்டை பெரும்பாலும் நோயின் விளைவு. அந்த நிலையில் இருக்கும் முயலுக்கு இனிப்பான பழச்சாற்றைப் புகட்டுவது, ஏற்கெனவே சீர்குலைந்த குருட்டுக்குடலில் மேலும் சர்க்கரையைக் கொட்டுவதாகும். முடி உதிரும் பருவத்தில் செய்ய வேண்டியவை, தினமும் உரோமத்தைச் சீவிவிடுவதும், புல்லையும் தண்ணீரையும் கூட்டுவதும்தான். பப்பாளியை மருந்தாக எண்ணாமல், விதையும் தோலும் நீக்கி, மற்றப் பழங்களைப் போல ஒரு தேக்கரண்டி கொடுங்கள்.

வாழைப்பழத்தை முயல்கள் மிகவும் விரும்பும். 100 கிராமில் 12 கிராம் அளவுக்குச் சர்க்கரை. அதோடு மாவுச்சத்தும் சேர்ந்திருக்கிறது. மென்மையாக இருப்பதால் மெல்லாமலேயே விழுங்கிவிடும். பூவனோ ரஸ்தாளியோ மலைவாழையோ, எதுவானாலும் விரல் நகத்தின் அளவுள்ள ஒரு வில்லை போதும். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். நான் வாழைப்பழத்தைப் பெரும்பாலும் மருந்து கொடுக்க வேண்டிய நாட்களுக்கென்றே ஒதுக்கி வைக்கிறேன். கசப்பான மாத்திரையைப் பொடித்து அந்த வில்லையில் பிசைந்து நீட்டினால் போராட்டம் இல்லாமல் தின்றுவிடுகிறது. அன்றாடம் கொடுத்துப் பழக்கியிருந்தால், உடல்நலம் குன்றிய நாளில் அந்தக் கவர்ச்சி மிஞ்சியிருக்காது.

மாம்பழத்தில் சர்க்கரை 14 கிராம் அளவுக்கு உண்டு, நார் குறைவு. பருவத்தில் ஓரிரு முறை, தோலை நீக்கி, சிறு துண்டு. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டிருந்தாலும் சந்தையில் எல்லாப் பழமும் விதிப்படி வருகிறது என்று நம்பிவிட முடியாது என்பதால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத மாம்பழத்தை முயலுக்குக் கொடுப்பதில்லை. திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று படித்தவர்கள் முயலுக்கும் அது விஷமா என்று கேட்கிறார்கள். முயல்களிடம் அப்படிப்பட்ட நச்சு விளைவு அறியப்படவில்லை. இங்கே சிக்கல் சர்க்கரையும் பூச்சிமருந்தும்தான். ஒரு திராட்சையை இரண்டாகக் கீறி, விதை இருந்தால் எடுத்துவிட்டு, உப்புநீரில் ஊறவைத்துக் கழுவியதில் பாதியைக் கொடுத்தால் போதும். கொடைக்கானலில் விளையும் ஸ்ட்ராபெரியில் சர்க்கரை 5 கிராம் அளவுக்கே இருப்பதால் முயலுக்கு ஏற்ற பழங்களில் அதுவும் ஒன்று. அதன் பச்சை இலைக்கொண்டையையும் தின்னும். ஆனால் மேற்பரப்பு முழுவதும் குழிகள் உள்ள பழம் என்பதால் கழுவுவதில் மிகுந்த கவனம் தேவை.

நெல்லிக்காயை வைட்டமின் சி சத்துக்காகக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கினிப் பன்றிக்கு அந்தச் சத்தை வெளியிலிருந்து கொடுத்தே ஆகவேண்டும்; முயலோ தன் உடலிலேயே அதை உருவாக்கிக்கொள்ளும். எனவே அந்தக் காரணத்துக்காக எந்தப் பழமும் தேவையில்லை. ஆரஞ்சு, சாத்துக்குடிச் சுளையை விதை நீக்கி மிகச் சிறிதாகக் கொடுப்பதில் தவறில்லை. எங்கள் முயல்களுக்கு அந்தப் புளிப்பு பிடிப்பதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை. பலாச்சுளை, சப்போட்டா இரண்டையும் நான் கொடுப்பதே இல்லை. இரண்டிலும் சர்க்கரை மிக அதிகம்.

சீத்தாப்பழத்தை முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்பேன். அதன் விதையை அரைத்துப் பேன் மருந்தாகப் பூசும் வழக்கம் கிராமங்களில் உண்டு; அந்தப் பொடி கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் புண்ணும் உண்டாகும். பூச்சியைக் கொல்லும் அந்த விதைகள் சதையெங்கும் விரவியிருக்கும் பழத்தை முயலின் முன் வைக்க எனக்கு மனம் வராது. பட்டர் ஃப்ரூட் எனப்படும் வெண்ணெய்ப்பழத்தில் ஐயத்துக்கே இடமில்லை. அதன் இலை, தோல், கொட்டை ஆகியவற்றில் பெர்சின் என்னும் நச்சு இருக்கிறது. முயலின் இதயத்தைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது அது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் இந்த மரங்கள் நிறைய உள்ளன. அங்கே முயல் வளர்ப்பவர்கள் உதிர்ந்த இலைகூடக் கூண்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலர்ந்த பழங்களைப் பற்றி ஒரு வரி போதும். பேரீச்சையிலும் உலர்திராட்சையிலும் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், வேண்டாம். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் தேன் தடவிய தானியக் குச்சி, தயிர் உருண்டை, வண்ண உருண்டை ஆகியவற்றுக்கும் அதே பதில். படங்களில் முயலோடு எப்போதும் சேர்த்து வரையப்படும் கேரட்டும் சர்க்கரையும் மாவும் உள்ள கிழங்கே என்பதால் அதைப் பழக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்: ஒரு நாள் கேரட் வில்லை கொடுத்தால் அன்று பழம் இல்லை. கேரட்டின் இலை அப்படியன்று. அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

குட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தையிலும் கடையிலும் உள்ளங்கையில் அடங்கும் குட்டிகளை விற்கிறார்கள். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டியவை அதில் பாதி வயதிலேயே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. வளர்ந்த முயலின் இரைப்பை மிகக் கடுமையான அமிலம் நிறைந்தது. உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே அழிந்துவிடும். பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் அந்த அமிலம் இல்லை. அதற்குப் பதிலாகத் தாய்ப்பாலிலிருந்து உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் கிருமிகளைக் கட்டுப்படுத்துகின்றன. பாலை நிறுத்தியதும் இந்தக் காவல் போய்விடுகிறது. அமிலக் காவல் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. குருட்டுக்குடலின் நுண்ணுயிரிகளும் அப்போதுதான் நிலைகொள்கின்றன. இந்த இடைவெளியில் வீட்டுக்கு வரும் குட்டிக்குத்தான் நாம் ஆசையோடு வாழைப்பழத்தையும் கேரட்டையும் ஊட்டுகிறோம். வாங்கிய ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்து இறந்துபோனது, என்ன காரணமென்றே தெரியவில்லை என்று சொல்பவர்கள் ஏராளம். மூன்று மாதம் நிறைவதற்கு முன் பழமே வேண்டாம். புல், சுத்தமான தண்ணீர், தாயோடு இருந்தபோது தின்று பழகிய தீவனம் ஆகியவை போதும். பிறகு ஒவ்வொரு கீரையாக அறிமுகப்படுத்தி, அவையெல்லாம் ஒத்துக்கொண்ட பின், நான்கு மாதம் கடந்ததும் பழத்தைத் தொடங்கலாம்.

தொடங்கும்போதும் ஒரே நேரத்தில் ஒரே பழம்தான். சுண்டுவிரல் நகத்தளவு கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்து புழுக்கையைப் பாருங்கள். ஒரே அளவில், உருண்டையாக, உடைத்தால் உள்ளே நார் தெரியும்படி இருந்தால் நல்லது. சிறுத்தோ, கோணலாகவோ, குழைந்தோ இருந்தால் அந்தப் பழத்தை நிறுத்திவிட்டுப் புல்லுக்குத் திரும்புங்கள். கூண்டைத் துடைக்கும்போது புழுக்கையைப் பார்க்காமல் வழித்துக் கொட்டிவிடுபவர்கள், முயலின் உடல்நிலையைச் சொல்லும் மிக நம்பகமான அறிகுறியைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

கோடையில் தர்பூசணி கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. 28 டிகிரிக்கு மேல் போனாலே முயலுக்குச் சிரமம் தொடங்கிவிடும். இங்கே மே மாதத்தில் 38 டிகிரியும் சாதாரணம். குளிர்ச்சிக்காகத் தர்பூசணியை வாரி வழங்கினால் நீரோடு சேர்ந்து சர்க்கரையும் போய், புழுக்கை இளகிவிடும். சிவந்த சதையைவிட, அதற்கும் வெளித்தோலுக்கும் இடையே உள்ள வெளிர்பச்சைப் பகுதி நல்லது. இனிப்புக் குறைவு, கடித்து மெல்லவும் வேண்டியிருக்கும். உண்மையான குளிர்ச்சிக்குக் கழுவி ஈரம் சொட்டும் கொத்தமல்லியும், நிழலும், துணியில் சுற்றிய பனிக்கட்டிப் புட்டியும்தான் உதவும்.

இவ்வளவு கட்டுப்பாடு சொல்லும்போது, பழத்தை ஏன் கொடுக்க வேண்டும், நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். நிறுத்தினால் முயலுக்கு எந்தச் சத்துக் குறைவும் வராது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் நிறுத்தாததற்குக் காரணம் வேறு. முயல் இரையாகும் விலங்கு; நோயை முடிந்தவரை மறைக்கும். கிண்ணத்தில் போடாமல் என் கையிலிருந்து பழத்துண்டை வாங்கித் தின்னும்படி பழக்கியிருப்பதால், அது நடந்து வரும் விதத்தையும், மெல்லும் விதத்தையும், மூக்கையும் கண்ணையும் அருகிலிருந்து பார்க்க முடிகிறது. தாடை ஒருபக்கமாக இழுக்கிறதா, எச்சில் வழிகிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கமாக ஓடிவந்து வாங்கும் முயல் ஒரு மாலை தனக்குப் பிடித்த பழத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், உடம்பில் ஏதோ கோளாறு என்பதை மற்ற எந்த அறிகுறிக்கும் முன்னால் அறிந்துகொள்ளலாம். நகம் வெட்டிய பிறகு, கூண்டுக்குத் திரும்ப அழைக்கும்போது, புதிய முயலோடு பழக்கும்போது எல்லாம் அந்தச் சிறு துண்டு பெரிய வேலையைச் செய்கிறது. பழம் இல்லாத நாட்களில் புதினா, துளசி, முருங்கைக்கீரை, கல்யாண முருங்கை இலை என்று எதையாவது அதே போலக் கையால் கொடுக்கிறேன். ஓடிவருவதில் வேறுபாடு காட்டுவதில்லை.

பழத்தை மறுத்த முயலுக்கு இன்னும் இனிப்பான பழத்தைக் காட்டி ஆசைகாட்டக் கூடாது. புல்லையும் மறுக்கிறதா, புழுக்கை விழுகிறதா என்று பாருங்கள். முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, வயிறு உப்பி இறுகியிருப்பது, காது வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்திருப்பது ஆகியவை அவசர நிலையின் அடையாளங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதையும் தின்னாத முயலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கக் கூடாது. பட்டினி நீடித்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து, மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். வயிறு இறுகியிருந்தால் அமுக்கித் தேய்ப்பதோ, கஞ்சியோ பழச்சாறோ வலிந்து புகட்டுவதோ வேண்டாம். குடல் அடைபட்டிருந்தால் அதனால் நிலைமை மோசமாகும்.

வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற, மனிதர்களுக்கு வெகு சாதாரணமாக எழுதப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழியாகக் கொடுத்தால், அவை குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிரிகளை அழித்து, மிகுதியான சர்க்கரை உண்டாக்கும் அதே நச்சு நிலையை இன்னும் வேகமாக உண்டாக்கிவிடும். பல ஊர்களில் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, நாய்களையே பார்த்துப் பழகியவர்கள் என்பதால், முயலுக்கு வைத்தியம் பார்த்த அனுபவம் உள்ளவர் யார், இரவிலும் விடுமுறை நாளிலும் இருப்பாரா என்பதை முயல் நலமாக இருக்கும்போதே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். கொண்டுபோகும்போது கடைசியாக விழுந்த புழுக்கையை ஒரு தாளில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது தின்றது, அதற்கு முந்தைய இரண்டு நாளில் எந்தப் பழம் எவ்வளவு போனது, யார் கொடுத்தார்கள் என்பதை வீட்டில் எல்லோரையும் கேட்டு உள்ளபடியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.